கையெழுத்துக்கு முன் வந்த தண்ணீர்

கொங்கு நாட்டில் ஆட்சி: வரலாற்றுத் தொடர் – 14

திருமூர்த்தி அணையில் தண்ணீர் திறக்கும் சமயம் வந்தால் உடுமலை வட்டாரத்தில் இரண்டு காகிதங்கள் கைமாறும். ஒன்று நாளிதழ். பரம்பிக்குளம்–ஆழியாறு (பி.ஏ.பி.) பாசனத்தில் இன்ன மண்டலத்துக்குத் தண்ணீர் திறக்க முதலமைச்சர் உத்தரவிட்டிருக்கிறார் என்று அதில் செய்தி இருக்கும். மற்றொன்று அரசாணையின் நகல். பாசன சபைக்காரர்கள் யாராவது ஒருவர் அதை வாங்கி வைத்திருப்பார். எத்தனை நாளைக்கு, எத்தனை மில்லியன் கன அடிக்கு மிகாமல், எந்தெந்த வட்டத்தில் எத்தனை ஏக்கருக்கு என்று எல்லாம் அதில் உண்டு. ஆனால் உத்தரவு போட்டவராக முதலமைச்சர் பெயர் அதில் இருக்காது. அடியில் அடைப்புக்குறிக்குள் 'ஆளுநரின் ஆணைப்படி' என்று இருக்கும். அதற்குக் கீழே துறைச் செயலாளரின் பெயர்.

செய்தியில் முதலமைச்சர், ஆணையில் ஆளுநர், கையெழுத்துக்குச் செயலாளர். உண்மையில் மதகைத் திறக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது? சென்ற இதழில் தளி எத்தலப்ப நாயக்கரின் பாளையப்பட்டைப் பார்த்தோம். வரி வாங்குவதும், வழக்குத் தீர்ப்பதும், படை வைத்துக்கொள்வதும் அங்கே ஒரே ஆளிடம் இருந்தன, கேள்விக்கே இடமில்லை. இன்று திருமூர்த்தி அணை நிற்பது அந்தத் தளிப் பாளையத்து மண்ணில்தான். அங்கே தேங்கும் தண்ணீரை வைத்தே ஓர் அரசாங்கத்தின் தலைவருக்கு என்ன அதிகாரம் உண்டு, அது எங்கே முடிகிறது என்பதை இந்த இதழில் பார்க்கலாம்.

சென்னை மாகாணத்துக்கு முதன்முதலாக ஒரு முதல் மந்திரி வந்தது 1920 டிசம்பர் 17. கடலூர்ப் பக்கத்து அ. சுப்பராயலு ரெட்டியார் பதவி ஏற்றார். 1919-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட இரட்டை ஆட்சி அது. அரசாங்கத்தின் துறைகளை இரண்டு பங்காகப் பிரித்தார்கள். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி, விவசாயம், கூட்டுறவு போன்றவை மந்திரிகளுக்கு. நிதி, நிலவரி, போலீஸ், நீதி, நீர்ப்பாசனம் ஆகியவை கவர்னரிடமும் அவருடைய நிர்வாக சபையிடமும் நின்றுவிட்டன.

விவசாயம் ஒருவரிடம், தண்ணீர் வேறொருவரிடம். ஏர் பூட்டியவன் எவனும் ஒப்புக்கொள்ளாத பங்கீடு இது. அந்த முதல் மந்திரிசபையில் இருந்த கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு, பதவியை விட்டு இறங்கியபின் விசாரணைக் குழு முன்னால் இதை மனம் நொந்து சொன்னார். தாம் விவசாய மந்திரியாக இருந்தும் நீர்ப்பாசனம் தம்மிடம் இல்லை. அபிவிருத்தி மந்திரியாக இருந்தும் காடுகள் தம்மிடம் இல்லை. தொழில் மந்திரியாக இருந்தும் மின்சாரமும் சுரங்கமும் தம்மிடம் இல்லை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இரட்டை ஆட்சியைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். இந்த வாக்குமூலத்துக்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை.

நம் கொங்கு மண்ணுக்கே அதன் அடையாளம் ஒன்று இருக்கிறது. மேட்டூர் அணை. மைசூரோடு 1924 பிப்ரவரி 18-இல் உடன்பாடு கண்டு, மறு ஆண்டு வேலை தொடங்கி, 1934 ஆகஸ்ட் 21-இல் திறந்தார்கள். அந்தப் பத்தாண்டில் சென்னையில் பனகல் அரசர், சுப்பராயன், முனுசாமி நாயுடு, பொப்பிலி அரசர் என்று முதல் மந்திரிகள் வரிசையாக வந்தார்கள். நீர்த்தேக்கத்துக்கு வைத்த பெயரோ ஸ்டான்லி. அவர் கவர்னர். திட்டத்தை முன்னால் நின்று நடத்தியதாக வரலாறு குறிக்கும் சர் சி.பி. ராமசாமி ஐயரும் கவர்னரின் நிர்வாக சபை உறுப்பினர்தான். தண்ணீர் யார் கையில் இருந்ததோ அவர்கள் பெயர்தான் கல்லில் ஏறியது.

அந்த வரிசையில் சுப்பராயன் நம்மவர். திருச்செங்கோட்டுப் பக்கம் குமாரமங்கலம் ஜமீன்தார். 1926 டிசம்பர் முதல் 1930 அக்டோபர் வரைக்கும் முதல் மந்திரியாக இருந்தார். கொங்கு நாட்டிலிருந்து அந்த நாற்காலிக்குப் போன முதல் ஆள் அவர்தான். எந்தக் கட்சியையும் சேராதவராக நின்று ஆட்சி அமைத்தார். 1928-இல் சைமன் கமிஷன் பிரச்சினையில் அவருடைய சக மந்திரிகள் இருவர், ரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும், பதவி விலகினார்கள். சுப்பராயன் பதவியில் தொடர்ந்தார். வேறு இருவரைச் சேர்த்துக்கொண்டு ஆட்சி தொடர்ந்தது. இன்றைக்கு இது விநோதமாகத் தோன்றும். அன்றைய சட்டத்தில் மந்திரிசபை முழுதுக்கும் ஒரே பொறுப்பு என்ற கட்டாயம் கிடையாது. ஒவ்வொரு மந்திரியும் தனித்தனியே கவர்னரின் விருப்பம் உள்ளவரைக்கும் பதவியில் இருப்பவர். முதல் மந்திரி என்பது வரிசையில் முதல் இடம்; மற்றவர்களைக் கட்டிப்போடுகிற அதிகாரம் அதில் சேர்ந்ததில்லை. சுப்பராயனைத் தனியாகக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. சட்டம் கொடுத்த இடம் அவ்வளவே. பின்னாளில் அவரே ராஜாஜி மந்திரிசபையிலும் ஓமந்தூரார் மந்திரிசபையிலும் மந்திரியாக இருந்தார்; மத்திய மந்திரியாகி, மகாராஷ்டிர கவர்னராக இருக்கும்போது 1962-இல் காலமானார்.

1935-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பங்கீட்டை எடுத்துவிட்டது. மாகாணத்து எல்லாத் துறைகளும் மந்திரிகளுக்கு வந்தன. ஆனால் கவர்னருக்கென்று தனிப் பொறுப்புகள் சிலவற்றை வைத்தார்கள். அந்த இடங்களில் மந்திரிசபையின் யோசனையை அவர் தள்ளிவிடலாம். 1937 தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 159-ஐப் பிடித்த காங்கிரஸ், அந்த விசேஷ அதிகாரத்தை அன்றாட வேலையில் கவர்னர் பயன்படுத்தமாட்டார் என்ற உறுதி கிடைக்கும்வரை பதவியேற்க மறுத்தது. மூன்றரை மாதம் நாற்காலி காத்துக்கிடந்தது. இடைக்கால மந்திரிசபைக்குத் தலைமை ஏற்றவர் அதே கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு. ஜூலை 14-இல் ராஜாஜி பதவியேற்றார். அன்றைய பத்திரிகைகள் அவரைப் பிரதம மந்திரி என்றே எழுதின.

ராஜாஜி அந்தப் பதவியை எப்படிக் கையாண்டார் என்பதைக் கொங்கு நாட்டு மக்கள் வேகமாகவே தெரிந்துகொண்டார்கள். அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. கள், சாராய வருமானம் போனதை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி. 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். வரியை விடுவதும், வேறு வரியைப் போடுவதும், வட்டிக்காரனிடமிருந்து குடியானவனைக் காப்பதும் ஒரே மந்திரிசபையின் முடிவாக வந்தது அப்போதுதான் முதல்முறை. நிதி கையில் இல்லாத சுப்பராயனால் இதில் ஒன்றைக்கூடச் செய்திருக்க முடியாது. 1939 அக்டோபரில் உலகப் போரை ஒட்டி மந்திரிசபை விலகியது. கவர்னர் எர்ஸ்கின் எல்லாவற்றையும் தம் கையில் எடுத்துக்கொண்டார். 1946 வரைக்கும் மாகாணத்துக்குப் பிரதமர் இல்லை. ஒரு மந்திரிசபை போனதும் கவர்னரே ஆளலாம் என்று அந்தச் சட்டத்தில் இடம் இருந்தது.

பிரகாசம், ஓமந்தூரார், குமாரசாமி ராஜா காலத்தை இங்கே தாண்டிவிடுகிறேன். ஓமந்தூராருக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது.

1950 ஜனவரி 26 முதல் அந்தப் பதவிக்கு முதலமைச்சர் என்ற பெயர் நிலைத்தது. அரசியல் சாசனத்தைப் புரட்டிப் பார்த்தால் அவரைப் பற்றி மிகக் கொஞ்சம்தான் எழுதியிருக்கிறது. 163-ஆவது பிரிவு, ஆளுநருக்கு உதவவும் யோசனை சொல்லவும் முதலமைச்சர் தலைமையில் ஓர் அமைச்சரவை இருக்கும் என்கிறது. 164, முதலமைச்சரை ஆளுநர் நியமிப்பார், மற்ற அமைச்சர்களை முதலமைச்சரின் யோசனைப்படி நியமிப்பார், அமைச்சரவை முழுவதும் சட்டசபைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கிறது. 166, அரசின் நடவடிக்கை எல்லாம் ஆளுநர் பெயரில் நடக்கும் என்கிறது. அரசாணையின் அடியில் இருக்கும் அந்த வரி இங்கிருந்து வருவதுதான். 167, அமைச்சரவை முடிவுகளை ஆளுநருக்குத் தெரிவிப்பது முதலமைச்சரின் கடமை என்கிறது. பிரிட்டனிலும் இப்படித்தான். 1721-இல் வால்போல் காலத்திலிருந்து பிரதமர் உண்டு. இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் அந்தப் பதவிக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. வழக்கத்தில் வளர்ந்த பதவியைத்தான் நம் சாசனம் நாலு பிரிவில் எழுதி வைத்தது.

1928-இல் சுப்பராயனிடம் இல்லாத இரண்டு அதிகாரங்கள் இதில் இருக்கின்றன. அமைச்சர்களை எடுப்பதும் விடுவதும் ஒன்று. எல்லோரும் ஒரே பொறுப்பில் நிற்பது மற்றொன்று. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இன்றைய முதலமைச்சர்கள் பெரியவர்களாகத் தெரிகிறார்கள். தமிழ்நாட்டில் அமைச்சரவைப் பட்டியல் வரும்போது முதலமைச்சர் பெயருக்கு நேரே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: பொது நிர்வாகம், இந்திய ஆட்சிப் பணி, இந்தியக் காவல் பணி, மாவட்ட வருவாய் அலுவலர்கள், காவல், உள்துறை. கலெக்டரையும் எஸ்.பி.யையும் மாற்றுகிற கை எது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அமைச்சர்களை எடுக்கும் அதிகாரத்தைப் பெரும்பாலும் போட்டியாளர்களை ஒதுக்கத்தான் பயன்படுத்துவார்கள். 1954-இல் காமராஜ் அதைத் தலைகீழாகச் செய்தார். குலக்கல்வித் திட்டத்தால் எழுந்த எதிர்ப்பில் ராஜாஜி விலக, காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தல் நடந்தது. காமராஜை எதிர்த்து நின்றவர் பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்துச் சி. சுப்பிரமணியம். காமராஜுக்கு 93 வாக்கு, சுப்பிரமணியத்துக்கு 41. ஏப்ரல் 13-இல் காமராஜ் பதவியேற்றபோது அவரையும் சேர்த்து எட்டே பேர் கொண்ட அமைச்சரவை. எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்துக்கு அதில் நிதியும் கல்வியும். காமராஜ் அப்போது சட்டசபை உறுப்பினர்கூட இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்ற உறுப்பினர். ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும் என்ற விதிப்படி குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஆகஸ்டில் வந்தார்.

அந்த ஒரு முடிவின் பலன் உடுமலைக்கும் பல்லடத்துக்கும் வந்து சேர்ந்தது. மாநிலத்தின் கஜானா, ஆனைமலைத் தண்ணீரைச் சிறுவயதிலிருந்தே பார்த்த ஓர் ஆளிடம் இருந்தது.

அந்தத் தண்ணீரின் கதை இது. தென்மேற்குப் பருவமழை ஆனைமலையின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிடும். வால்பாறை, சின்னக்கல்லாறு பக்கம் தமிழ்நாட்டிலேயே கனத்த மழை பெய்யும் இடங்கள். மலையைத் தாண்டிக் கிழக்கே வந்தால் உடுமலை, பல்லடம், காங்கேயம் எல்லாம் மழை மறைவுப் பிரதேசம். கிணறு இருந்தால் தோட்டம், இல்லாவிட்டால் காடு. காட்டில் சோளமும் கம்பும் கொள்ளும் மானாவாரியாக வந்தால் உண்டு. கிணற்றை ஆழப்படுத்த ஆழப்படுத்தக் கடன்தான் ஊறியது. மேற்கே கடலுக்குப் போகும் நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகியவற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினால் இந்தக் காடெல்லாம் பயிர் ஏறும். பொள்ளாச்சி நா. மகாலிங்கம், வி.கே. பழனிசாமிக் கவுண்டர் போன்றவர்கள் சட்டசபையிலும் வெளியிலும் விடாமல் கேட்டுவந்த திட்டம் அது.

தடை ஒன்றுதான். பரம்பிக்குளம் நம் மண் இல்லை. கொச்சி அரசின் காடாக இருந்து, திருவிதாங்கூர்–கொச்சிக்குப் போய், 1956 நவம்பர் 1 முதல் கேரளத்தில் இருந்தது. சென்னை முதலமைச்சர் ஆளுநர் பெயரில் ஆயிரம் அரசாணை போட்டாலும் அது வாளையாற்றைத் தாண்டாது. மாநிலத்துக்குள் தண்ணீர் மாநிலத்தின் பொருள். இரண்டு மாநிலத்துக்குப் பொதுவான ஆறு என்றால் டெல்லியும் உள்ளே வரலாம். சண்டை வந்தால் தீர்ப்பதற்கு நடுவர் மன்றம் அமைக்கும் சட்டத்தை 1956-இல்தான் நாடாளுமன்றம் போட்டிருந்தது. அந்த வழியில் போனால் என்ன ஆகும் என்பதைக் காவிரியில் பார்த்துவிட்டோம். 1990-இல் மன்றம், 2007-இல் இறுதித் தீர்ப்பு, 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஒரு தலைமுறையே போய்விட்டது.

காமராஜ் பேச்சு வழியை எடுத்தார். எதிரே உட்கார்ந்தவர் 1957 ஏப்ரல் 5-இல் கேரள முதலமைச்சரான இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு. இவர் காங்கிரஸ், அவர் கம்யூனிஸ்ட். கேரளத்துக் காங்கிரஸ்காரர்கள் அந்த ஆட்சியைக் கவிழ்ப்பதில் முனைப்பாக இருந்தார்கள். அரசியலில் இதைவிட ஒட்டாத இரண்டு பேரைத் தேட முடியாது. இருந்தும் பங்கீடு முடிவானது. அதன் சாரத்தை உடுமலை விவசாயிகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்றிலும் சேர்த்துத் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 16.5 டி.எம்.சி. கேரளத்துச் சோலையாற்றுக்கு ஆண்டுக்கு 12.3 டி.எம்.சி. விட்டுவிட வேண்டும். ஆழியாறு வழியாகக் கேரளத்துச் சித்தூர் பாசனத்துக்கு 7.25 டி.எம்.சி., மணக்கடவில் அளந்து கொடுக்க வேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.

இந்த எண்களைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். கேரளம் வெறுங்கையோடு போகவில்லை. சோலையாற்றில் மின்சாரத்துக்குத் தண்ணீர், சித்தூர் நெல்வயல்களுக்கு ஆண்டுதோறும் உறுதியான பங்கு. மலையைக் குடைந்து அணை கட்டுகிற வேலை தமிழ்நாட்டுடையது. ஊரில் போய்த் தலைநிமிர்ந்து சொல்வதற்கு இரண்டு முதலமைச்சர்களுக்கும் ஏதாவது இருந்தது. பேச்சில் ஜெயிப்பது என்றால் எதிராளியையும் ஜெயிக்கவைப்பது என்பதைக் காமராஜ் அறிந்திருந்தார் என்றே நான் நினைக்கிறேன். வெறும் அதிகாரத்தால் 16.5 டி.எம்.சி. வந்திருக்காது.

உடன்பாடு நடைமுறைக்கு வந்த நாளாகக் கணக்கில் வைத்திருப்பது 1958 நவம்பர் 9. ஒப்பந்தத்தில் இரண்டு மாநிலங்களும் கையெழுத்திட்டதோ 1970 மே 29.

இடையில் பதினொன்றரை ஆண்டு. அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது என்று பார்க்கும்போதுதான் இந்தக் கதையின் பெருமை விளங்கும். 1959 ஜூலை 31-இல் இ.எம்.எஸ். ஆட்சியை டெல்லி கலைத்தது. கேரளத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி. பிறகு பட்டம் தாணு பிள்ளை, அவருக்குப்பின் காங்கிரசின் ஆர். சங்கர், மறுபடி குடியரசுத் தலைவர் ஆட்சி, 1967-இல் மறுபடி இ.எம்.எஸ்., 1969-இல் சி. அச்சுத மேனன். இந்தப் பக்கம் 1963 அக்டோபர் 2-இல் காமராஜ் தாமே விலகினார், பக்தவத்சலம் வந்தார். 1967-இல் காங்கிரசே போய் அண்ணா வந்தார். 1969 பிப்ரவரியில் அண்ணா மறைய, அவர் அமைச்சரவையில் பொதுப்பணித்துறையைப் பார்த்த கருணாநிதி முதலமைச்சரானார். கட்சி மாறியது, கொள்கை மாறியது, ஒருவரை ஒருவர் மேடையில் வசைபாடியவர்கள் மாறிமாறி அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். யாரும், கையெழுத்து இல்லாத உடன்பாடு எங்களைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி வேலையை நிறுத்தவில்லை.

1961 அக்டோபர் 7-இல் நேரு வந்து திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அந்த நாளைப் பொள்ளாச்சிப் பக்கம் பி.ஏ.பி. நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். 1962-இல் ஆழியாறு அணை. அந்தப் பத்தாண்டுக்குள் தூணக்கடவும் பரம்பிக்குளமும் திருமூர்த்தியும் எழுந்தன. கேரளக் காட்டுக்குள் தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் முகாம் போட்டு, அட்டையும் மலைக்காய்ச்சலும் பட்டு, தமிழ்நாட்டுப் பணத்தில் அணை கட்டினார்கள். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எதுவும் அப்போது இல்லை. முதலமைச்சர்களின் வாக்கு இருந்தது. பின்னால் வந்தவர்கள் அந்த வாக்கைத் தங்கள் வாக்காக எடுத்துக்கொண்டார்கள். அரசாங்கத் தலைவர் என்ற பதவிக்கு இதைவிடப் பெரிய அதிகாரம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சாசனத்தின் நாலு பிரிவில் எதிலும் இது இல்லை.

தூணக்கடவிலிருந்து சுரங்கவழியாக வரும் தண்ணீர் சர்க்கார்பதி மின்நிலையத்தில் விழுகிறது. அங்கிருந்து கான்டூர் கால்வாய். மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு, உயரம் குறைந்துவிடாமல் வெகு மெல்லிய சரிவில், சுமார் 49 கிலோமீட்டர் வந்து திருமூர்த்தி அணையில் சேருகிறது. ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் பள்ளம். மழைக்காலத்தில் பாறையும் மரமும் உருண்டு விழுந்தால் அடைத்துக்கொள்ளும். ஓர் இடத்தில் கரை உடைந்தால் நாலு லட்சம் ஏக்கர் காத்துக்கிடக்க வேண்டியதுதான். உடுமலை நகரத்தின் குடிநீரும் இந்தத் திருமூர்த்தியிலிருந்துதான்.

நாலு லட்சம் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். கணக்குப்படி ஆயக்கட்டு 3.77 லட்சம் ஏக்கர், நான்கு மண்டலம். ஒரு மண்டலத்துக்குத் தண்ணீர் முறை வந்தால், அடுத்த முறைக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். வந்தாலும் முழுநேரம் ஓடாது. சுற்றுக் கணக்கில் விட்டுவிட்டு ஓடும். கடைமடைக்காரர்கள் இரவெல்லாம் வாய்க்கால் கரையில் காவல் இருப்பதும், மேலே மோட்டார் போட்டுத் தண்ணீரை எடுத்துவிட்டார்கள் என்று வெள்ளகோவில், காங்கேயம் பக்கத்துக்காரர்கள் போராடுவதும் இதனால்தான். தொடக்கத்தில் இத்தனை மண்டலம் இல்லை. பின்னால் வந்த அரசுகள் ஆயக்கட்டைக் கூட்டிக்கொண்டே போயின. வறண்ட பகுதிக்காரர்கள் கேட்டார்கள், அவர்களுக்கும் நியாயம் இருந்தது. ஆனால் நிலத்தைச் சேர்க்க ஓர் அரசாணை போதும். தண்ணீரைச் சேர்க்க அண்டை மாநிலத்தோடு உட்கார வேண்டும். முதல் வேலை எளிது, ஓட்டும் கிடைக்கும். இரண்டாவதைச் செய்யாமல் முதல் வேலையை மட்டும் செய்தது தவறு என்று இங்கே பதிந்துவைக்கிறேன். அதன் சுமை முழுவதும் கடைமடை விவசாயியின் தலையில் இறங்கியிருக்கிறது.

இரண்டாவது வேலை என்ன என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆனைமலையாற்றிலிருந்து 2.5 டி.எம்.சி. தமிழ்நாட்டுக்கு உண்டு, ஆனால் கேரளம் இடமலையாறு திட்டத்தை முடித்த பிறகுதான் அதை எடுக்கலாம். இடமலையாறு அணை 1985-இல் முடிந்தது. அணை முடிந்துவிட்டதே என்பது தமிழ்நாட்டின் வாதம். திட்டம் முழுதாக முடியவில்லை, பாசன வேலை பாக்கி என்பது கேரளத்தின் பதில். இதோடு சேர்ந்ததுதான் நல்லாறு. நீராற்றுத் தண்ணீர் இப்போது சோலையாறு, பரம்பிக்குளம் என்று சுற்றி வருகிறது. சுரங்கம் வெட்டி நல்லாற்றுக்குக் கொண்டுவந்து, அங்கே ஓர் அணை கட்டினால் நேராகத் திருமூர்த்திக்கு வந்துவிடும். உடுமலையில் நடக்கும் எந்த விவசாயிகள் கூட்டத்திலும் ஆனைமலையாறு–நல்லாறு என்ற பேச்சு வராமல் இருக்காது.

முப்பது ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. 1958-லிருந்து கணக்கிட்டால் முதல் மறுஆய்வு 1988-இல் வர வேண்டும். வந்து முடிந்த பாடில்லை. அதிகாரிகள் சந்திப்பார்கள், ஆளுக்கொரு புள்ளிவிவரத்தைப் படிப்பார்கள், கலைவார்கள். அதிகாரியால் விட்டுக்கொடுக்க முடியாது; விட்டுக்கொடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. அது முதலமைச்சரிடம்தான் இருக்கிறது. கொங்கு மண்ணிலிருந்து முதலமைச்சராகியிருந்த எடப்பாடி பழனிசாமி 2019 செப்டம்பர் 25-இல் திருவனந்தபுரம் போய் அன்றைய கேரள முதலமைச்சர் பினராயி விஜயனைச் சந்தித்துப் பேசினார். சரியான வழி. இரு மாநிலத்துக்கும் பேச்சுக் குழுக்கள் அமைந்தன. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் ஒன்றின் ஷட்டர் நள்ளிரவில் உடைந்து, நம் பங்குத் தண்ணீர் பல நாள் கேரளத்து ஆற்றில் ஓடிப் போனது. அணை அவர்கள் மண்ணில், பராமரிப்பு நம் பொறுப்பில். அந்த இரவில் கீழே இருந்த கேரள ஊர்களை எச்சரித்ததும், இங்கிருந்து பொறியாளர்கள் ஓடியதும் இரண்டு அரசாங்கங்களும் சேர்ந்து செய்த வேலைகள். உடன்பாடு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

இந்தத் தொடரைப் படிக்கும் உடுமலை, பல்லடம், காங்கேயம் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மண்டலம் திறக்கச் சொல்லி முதலமைச்சருக்கு மனுப் போடுகிறோம். அந்த உத்தரவு எப்படியும் வரும். யார் முதலமைச்சராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், கேரள முதலமைச்சரோடு உட்கார்ந்து மறுஆய்வை முடியுங்கள் என்று கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும் அதையே கேளுங்கள். 1958-இல் பேசிய பேச்சுக்கு மேல் ஒரு டி.எம்.சி.கூட இன்றுவரை கூடி வரவில்லை. நல்லாற்றில் அணை இன்னும் இல்லை.

(அடுத்த இதழில்: அமராவதி அணை)